சமன்பாட்டுக்குள் பூசணிக்காய்

செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் புரூஃப் திரும்பி வந்தது. உறையைக் கிழித்த கிரிசெல்தா முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேரே ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள். பக்கம் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் ஒரு கீறல் கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. நான்கு புள்ளி மூன்று என்று எண் போட்ட சமன்பாடு, அவள் உள்ளே வைத்த வார்த்தைகளோடு, அவள் அனுப்பியபடியே உட்கார்ந்திருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் 'சரி' என்று எழுதி, அன்செல்மோ வியேரா என்று கையெழுத்து. கையெழுத்து மட்டும் கோட்டை விட்டுச் சரிந்து கீழே இறங்கியிருந்தது.

"சரியாம்! என்ன சரி?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அறையில் கேட்க ஆள் இல்லை. என்றைக்கு இருந்தது, இன்றைக்கு இருக்க?

மொந்தெவிதேயோவில் கணிதத் துறையின் மூன்றாம் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் இருந்தது அவள் அறை. ஒரு மேஜை, ஒரு கணிப்பொறி, சுடுநீர் ஃபிளாஸ்க், மாத்தே என்கிற மூலிகைத் தேநீர் குடிக்கிற குடுவை. துறையின் ஆய்விதழை வருடத்துக்கு இரண்டு தடவை அச்சுக்குக் கோத்துக் கொடுப்பவள் அவள்தான். இருபத்தேழு வருடமாக அதுதான் வேலை. துறையில் அவளோடு யாரும் பேசுவதில்லை என்று சொன்னால் பாவம், பொய்யாகிவிடும். 'கிரிசெல்தா, அச்சுப்பொறியில தாள் தீர்ந்துபோச்சு' என்பார்கள். 'கிரிசெல்தா, இந்தக் கோப்பு திறக்க மாட்டேங்குது' என்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'நல்லா ஓய்வெடுங்க' என்று சொல்லிவிட்டுக் கும்பலாகக் காபி குடிக்கப் போவார்கள். அவள் ஓய்வெடுக்க மட்டும்தான் பிறந்தவள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அவளுக்கு ஒரு பேச்சுத்துணை உண்டு. அது சமன்பாடுகளுக்குள் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் விளங்கும். கணிதம் கோக்கிற லாடெக் என்கிற மென்பொருள் இருக்கிறதே, அதற்குச் சமன்பாட்டுக்குள் நுழைந்துவிட்டால் மனித பாஷை மறந்துபோகும். அங்கே ஒரு சாதாரண வார்த்தையை அடித்தால், ஒவ்வோர் எழுத்தையும் ஒரு தனி அளவு என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சாய்த்துப் போட்டு, ஒன்றோடொன்று பெருக்கி வைத்துவிடும். இரண்டு வார்த்தை அடித்தால் நடுவில் உள்ள இடைவெளியை முழுங்கிவிடும். இது வார்த்தையப்பா, வார்த்தையாகவே விடு என்று அதற்குரிய கட்டளையைக் கொடுத்து, அடைப்புக்குள் வைத்துக் காட்டினால்தான் நிமிர்ந்த எழுத்தில் மரியாதையாகப் போடும். புதிதாகப் பட்டம் வாங்கி வருகிற டாக்டர்கள் எல்லாரும் இதில் சறுக்கி விழுவார்கள். கிரிசெல்தா அவர்களை விடமாட்டாள். "வார்த்தையைப் பார்த்தா வார்த்தைன்னு தெரியாதா? நீங்களும் என்ன மெஷினா?" என்று மூக்கை உடைத்து அனுப்புவாள்.

அன்செல்மோ வியேராவின் கட்டுரைகள் மட்டும் கோப்பாக வராது. ஓய்வுபெற்ற பேராசிரியர், கடலோரத்தில் பிரியாபொலிஸில் தனியாக இருக்கிறார் என்று கேள்வி. கையால் எழுதித் தபாலில் அனுப்புவார். அந்தக் கையெழுத்தை என்னவென்று சொல்ல! கோழி கிளறிய குப்பையாவது ஓர் ஒழுங்கில் இருக்கும். படிக்க முடியாத இடத்தில் உத்தேசமாக ஒரு குறியைப் போடுவது கிரிசெல்தாவுக்குப் பிடிக்காது. உத்தேசம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், எழுதியவர் கண்ணும் அதை வழுக்கிக்கொண்டு போய்விடும், தப்பு அச்சேறிவிடும். அதனால் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். படிக்க முடியாத இடத்தில், சமன்பாட்டின் நட்டநடுவில், கட்டளை கொடுத்து நிமிர்ந்த எழுத்தில் ஒரு சம்பந்தமில்லாத வார்த்தையை வைத்துவிடுவாள். இடறி விழாமல் எவராலும் தாண்ட முடியாது.

பதினோரு வருடத்துக்கு முன்னால், அவருடைய முதல் கட்டுரையில் வைத்தது 'பூசணிக்காய்'. புரூஃப் திரும்பி வந்தபோது ஓரத்தில் எழுதியிருந்தது: 'பூசணிக்காய் அல்ல, ஈட்டா. ஆனால் பூசணிக்காயும் எனக்குப் பிடிக்கும்.' கிரிசெல்தா அந்த வரியை அன்று நான்கு தடவை படித்தாள். அடுத்த கட்டுரையில் 'குடை' வைத்தாள். 'குடை அல்ல, காமா. அங்கே மழையா?' என்று வந்தது. பிறகு 'மழைதான்' என்றே வைத்தாள். 'மூக்கடைப்பு' வைத்தாள், 'எலுமிச்சை போட்டு வெந்நீர் குடிக்கவும். இது லாம்டா' என்று பதில். அம்மா இறந்த வருடம் 'கறுப்பு' என்று வைத்தாள். அந்த ஓரத்தில் அவர் குறியைத் திருத்தியிருந்தார், அதன் கீழே 'யார்?' என்று மட்டும் கேட்டிருந்தார். துறையில் மலர்வளையம் அனுப்பினார்கள், 'யார்?' என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். பதினோரு வருடத்தில் முப்பத்தோரு வார்த்தை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இதையெல்லாம் ஒரு பேச்சு என்று யாராவது சொல்வார்களா? கிரிசெல்தா சொல்வாள். உள்ளபடியே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: பல இடங்களில் அவர் எழுத்து அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

இந்தத் தடவை புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. ஏப்ரலில் வந்த கையெழுத்துப் பிரதியில் எழுத்துகள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன, வரிகள் மேலே ஏறிக்கொண்டு போயின. நான்கு புள்ளி மூன்றில் ஏழெட்டு எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. பெருக்கல்தான், ஏழெட்டுக் குணகங்களைப் பெருக்கியிருக்கிறார் என்று நினைத்தாள். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கட்டுரையில் வேறெங்கும் அந்தக் குணகங்கள் வரவேயில்லை. கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

ஜூன் மாதம். ஜூலை பதினொன்றாம் தேதி அவளுக்கு அறுபது வயது முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை. யாரிடம் சொல்வது? கைகள் தட்டச்சுப் பலகைமேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. பிறகு கட்டளையைக் கொடுத்து, அடைப்பைத் திறந்து, ஒரு வார்த்தைக்குப் பதில் முழு வாக்கியமாக அடித்தாள்: 'ஜூலை 11 எனக்கு அறுபது. மதியம் சாப்பிட வாருங்கள்.' சமன்பாடு வலது ஓரத்தை இரண்டு விரல் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இயந்திரம் இடம் போதவில்லை என்று எச்சரித்தது. "போதலைன்னா நகர்ந்து உட்காரு" என்று அதைத் திட்டிவிட்டு, சமன்பாட்டை இரண்டு வரியாக உடைத்துப் போட்டாள். உறையின் பின்னால் துறையின் விலாசத்துக்குக் கீழே முதல் தடவையாகத் தன் வீட்டு விலாசத்தையும் எழுதினாள். தபால்பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். அறுபது வயதில் இது தேவையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மெல்லிய மாவு அடையில் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டி, வெள்ளைக் குழம்பு ஊற்றி, எட்டு கனெலோன் சுட்டாள். இரண்டு தட்டு வைத்தாள். பன்னிரண்டரைக்கு ஜன்னலுக்குப் போனாள். ஒரு மணிக்கு அடுப்பைத் தணித்தாள். தெருவில் யார் யாரோ போனார்கள்; வயதான ஆண் ஒவ்வொருவரையும் இவராக இருக்குமோ என்று பார்த்தாள். இரண்டரைக்கு ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். தபாலில் தாமதமாகியிருக்கும், புரூஃபே போய்ச் சேர்ந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டு கனெலோன் சாப்பிட்டாள்.

இப்போது புரூஃப் கையில் இருந்தது. போய்ச் சேர்ந்திருந்தது, படித்திருந்தார், 'சரி' போட்டிருந்தார். வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். ஈட்டாவுக்கும் லாம்டாவுக்கும் பதில் எழுதத் தெரிந்த மனுஷனுக்கு இதற்கு எழுதத் தெரியவில்லையா? முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் ஆய்விதழின் ஆசிரியர் லான்சா. முப்பத்தாறு வயது, எப்போதும் எங்கோ ரயிலைப் பிடிக்கிற அவசரம்.

"வியேரா கிழவர் திருப்பி அனுப்பிட்டாரா?"

"அனுப்பிட்டார் டாக்டர்."

"திருத்தம்?"

"ஒன்னே ஒன்னு பாக்கி."

"கையெழுத்துப் போட்டாச்சுல்ல? அப்புறம் என்ன பாக்கி? வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும். போன தடவை மாதிரி இழுக்காதீங்க."

"போன தடவை இழுத்தது நீங்க. முன்னுரை எழுத மூணு வாரம்."

லான்சா சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விட்டார். கிரிசெல்தா ஏழாம் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தாள். அப்படியே அச்சுக்குப் போனால் ஊர் சிரிக்கும். அவள் அழைப்பிதழை உலகத்தில் உள்ள கணிதக்காரர்கள் எல்லாம் படிப்பார்கள். வார்த்தையை எடுத்துவிட்டு அனுப்பலாமென்றால், அங்கே உண்மையில் என்ன வரவேண்டும்? அவள் கணிதம் படித்தவள் இல்லை. ஆனால் பெருக்குகிற ஓர் எண் தொலைந்தாலும் தேற்றமே கவிழ்ந்துவிடும் என்று தெரியும். எழுபத்தெட்டு வயதுக்காரரின் ஒரு வருட உழைப்பு. கேட்டுத்தான் ஆக வேண்டும். கதவைச் சாத்திய ஆளிடமே போய்த் தட்டிக் கேட்க வேண்டும். தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த எண்ணைச் சுழற்றினாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

புதன்கிழமை முழுவதும் போகமாட்டேன் என்று இருந்தாள். வியாழக்கிழமை காலை லீவு சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.

ஜூலை அங்கே குளிர்காலம்; பிரியாபொலிஸில் காற்றைத் தவிர வேறு யாரும் தங்குவதில்லை. கடற்கரை ஹோட்டல்கள் பலகை அடித்து மூடிக் கிடந்தன. விலாசம் ஒரு ரொட்டிக்கடையில் போய் முடிந்தது. கல்லாவில் கைமுட்டி வரை மாவோடு ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். பெயர் சுல்மா என்று பின்னால் தெரிந்தது.

"தோன் அன்செல்மோ வியேரா வீடு..." என்று மரியாதைப் பட்டத்தோடு இழுத்தாள்.

"அவரைத் தேடியா? ஆளே வந்திருக்கீங்களா? அவருக்குத் தபால்தானே வரும்!" சுல்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "பின்னால என் அறையிலதான் குடியிருக்கார். நீங்க யாரு, சொந்தமா?"

"இல்ல. மொந்தெவிதேயோவுலருந்து. பத்திரிகை."

"அட, அந்தக் கணக்குத் தாளா! அதை நான்தானே வாசிச்சேன்!"

"நீங்களா?"

"பின்ன யாரு? அவருக்குக் கண்ணு போயி ரெண்டு மாசம் ஆச்சே. உங்களுக்குத் தெரியாதா? ஏப்ரல் வரைக்கும் ஓரக்கண்ணுல கொஞ்சம் தெரிஞ்சுது, தாளை மூக்குல ஒட்டிக்கிட்டு எழுதுவார். இப்ப அதுவும் இல்ல. கையெழுத்துப் போடற இடத்துல நான்தான் விரலைப் பிடிச்சு வச்சேன்."

கிரிசெல்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லாவைப் பிடித்துக்கொண்டாள். கோட்டை விட்டு இறங்கிய அந்தக் கையெழுத்து கண்முன் வந்தது.

"முழுசா வாசிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு எழுத்து விடல, என் பிள்ளைங்க மேல சத்தியம். மத்தியானம் கடை சாத்தின நேரத்துல மூணு நாள். வாய் நோகுது எனக்கு. நடுநடுவுல குறி குறியா வருமே, கோணல்மாணலா, அதை மட்டும் விட்டுட்டேன். 'இங்க குறி வருது தோன் அன்செல்மோ'ம்பேன். 'நம்பர் என்ன?'ம்பார். சொல்லுவேன். அவரே கடகடன்னு மனப்பாடமா ஒப்பிச்சுட்டு, 'சரி, மேல போ'ம்பார்."

"அந்தக் குறிகளுக்கு நடுவுல வார்த்தை இருந்துதே. பார்க்கலையா?"

"கணக்குக்குள்ள வார்த்தை எதுக்கு வருது?" சுல்மா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "அது அவங்க சமாச்சாரம்னு நான் கண்ணை அந்தப் பக்கமே கொண்டு போகல. அதுக்குள்ள எழுதினா யாரு அம்மா படிப்பா? அவரும் ஒன்னு கேட்டார், இப்ப ஞாபகம் வருது. 'வித்தியாசமா ஏதாவது வார்த்தை இருக்கா சுல்மா?'ன்னு. 'எல்லாமே வித்தியாசமான வார்த்தைதான், எனக்கு ஒன்னும் புரியல'ன்னேன். அதுக்கப்புறம் கேக்கல. அன்னிக்கு ராத்திரிச் சாப்பாடும் வேண்டாம்னுட்டார்."

கிரிசெல்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கினாள். அவர் படிக்கவே இல்லை. மறுக்கவும் இல்லை. இரண்டு நாளாக மனதுக்குள் அவரைத் திட்டிய திட்டெல்லாம் வீண்.

பின்னறையில் ஜன்னலுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அன்செல்மோ. ஒல்லியான நெட்டை உருவம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், பித்தான் மாற்றிப் போட்டிருந்தது. வாசலில் காலடி கேட்டதும் தலையைத் திருப்பினார், கொஞ்சம் தள்ளி, அலமாரியைப் பார்த்து.

"யாரு?"

"கிரிசெல்தா. பத்திரிகையிலருந்து."

அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "உங்க குரல் இப்படி இருக்கும்னு நினைக்கல. கொஞ்சம் தடிச்ச குரலா இருக்கும்னு நினைச்சேன். வார்த்தையெல்லாம் அதட்டி வச்ச மாதிரியே இருக்கும்" என்றார். அதைச் சொன்ன முகம் சட்டென்று இறுகியது. "எதுக்கு இவ்வளவு தூரம்? கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே."

"ஒரு இடம் பாக்கி. நாலு புள்ளி மூணு. நாளைக்கு அச்சுக்குப் போகுது. அங்க உங்க எழுத்தைப் படிக்க முடியல."

"படிக்க முடியலையா?" நாற்காலியில் நிமிர்ந்தார். "படிச்சுட்டு விட்டுட்டீங்கன்னு இல்ல?"

"படிக்கவே முடியல தோன் அன்செல்மோ."

"அப்ப அங்க ஒரு வார்த்தை வச்சிருப்பீங்களே. என்ன வச்சீங்க?"

இதோ கேட்டுவிட்டார். சொல்வதற்குத்தான் வந்தாள், ஆனால் வாயில் வரவில்லை. தாளில் எழுதுவது வேறு, அறுபது வயதில் ஒரு மனிதரின் முகத்துக்கு எதிரே நின்றுகொண்டு சாப்பிட வாருங்கள் என்று, அதுவும் தேதி கடந்துபோன அழைப்பை, வாசிப்பது வேறு. சுல்மா வேறு கதவோரம் மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பூசணிக்காய்" என்றாள் கிரிசெல்தா.

"பூசணிக்காய் எண்பத்தெட்டுல வச்சாச்சு."

"ஞாபகம் இல்ல, மறுபடியும்..."

"முப்பத்தோரு வார்த்தை. ஒன்னைக்கூட நீங்க ரெண்டாவது தடவை வச்சதில்ல. வரிசையாச் சொல்லட்டுமா? பூசணிக்காய், குடை, மழைதான், மூக்கடைப்பு..." விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர் நிறுத்தினார். "வாசிங்க. என்ன இருக்கோ அதை வாசிங்க."

கிரிசெல்தா ஏழாம் பக்கத்தை எடுத்தாள். மனப்பாடமாகத் தெரிந்ததைத் தாளைப் பார்த்தே வாசித்தாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஜூலை பதினொன்னு எனக்கு அறுபது. மதியம் சாப்பிட வாருங்கள்."

சுல்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அடக் கடவுளே, நான் பாவி" என்று முணுமுணுத்துவிட்டு, நல்லவேளை, கடைக்குள் போய்விட்டாள்.

"இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டார் அன்செல்மோ.

"பதினஞ்சு."

"போயிடுச்சே."

"போயிடுச்சு."

"என்ன சமைச்சீங்க?"

"கனெலோன்."

"எத்தனை?"

"எட்டு. நேத்து வரைக்கும் நானே சாப்பிட்டேன்."

அவர் முகம் கோணியது. "வந்திருப்பேன்" என்றார். "சுல்மாவை இழுத்துக்கிட்டாவது வந்திருப்பேன். அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் இதே நாற்காலியிலதான் சும்மா உட்கார்ந்திருந்தேன், கிரிசெல்தா. இதே நாற்காலியில."

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். அவர் பார்க்கமாட்டார் என்பதால் நிதானமாகவே துடைத்தாள். பிறகு வந்த வேலையைப் பிடித்துக்கொண்டாள், வேறெதைப் பிடித்துக்கொள்வது?

"அந்த இடத்துல என்ன வரணும்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"ஒன்னும் வர வேண்டாம்."

"ஏழெட்டுக் குணகம் இருக்கே. பெருக்கி எழுதியிருக்கீங்களே."

"குணகம் இல்ல." அவர் முழங்கால்மேல் இருந்த கைகளைக் கோத்துக்கொண்டார். "வார்த்தை. உங்களுக்கு எழுதினது. சுல்மாகிட்டச் சொல்லி எழுத வைக்க மனசு வரல. தாளை மூக்குல ஒட்டிக்கிட்டு நானே எழுதினேன். நீங்க மட்டும்தான் அந்த இடத்தைப் பார்ப்பீங்கன்னு அங்க எழுதினேன். 'எனக்குக் கண் தெரியல'ன்னு."

கிரிசெல்தா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வோர் எழுத்தாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாளே, எந்த அளவு, எந்தக் குணகம் என்று! வார்த்தையைப் பார்த்தால் வார்த்தை என்று தெரியாதா என்று எத்தனை டாக்டர்களின் மூக்கை உடைத்திருப்பாள். ஒரு மனிதர் கண் போகிறதே என்று கத்தியிருக்கிறார், இவள் அதைப் பெருக்கல் என்று நினைத்தாள். அதே இடத்தில் அவர் வார்த்தையை எடுத்துவிட்டுத் தன் அறுபது வயதை வைத்தாள்.

"நான் மெஷினாவே ஆயிட்டேன் தோன் அன்செல்மோ" என்றாள்.

"நீங்க அதைப் படிச்சுட்டு என்ன வார்த்தை வைப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்" என்றார் அவர். "முப்பத்திரண்டாவது வார்த்தை. சுல்மா ஒன்னுமே இல்லைன்னு சொல்லிட்டா. சரி, குருட்டுக் கிழவன்கூட இனிமே என்ன பேச்சுன்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன். அதான் வெறும் 'சரி' போட்டேன்."

"நான் உங்களைக் கல்நெஞ்சுக்காரர்னு நினைச்சேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்."

"நானும்தான் திட்டினேன்."

"என்ன திட்டினீங்க?"

"அதை விடுங்க."

அவள் ஃபிளாஸ்க்கைத் தேடி எடுத்து மாத்தே ஊற்றிக் கொடுத்தாள். குடுவையை அவர் கையில் வைத்து விரல்களை மூட வேண்டியிருந்தது. அந்தக் கை அவள் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது.

"இன்னொன்னு சொல்லணும்" என்றாள். "பாதி இடத்துல உங்க எழுத்து எனக்கு நல்லாவே புரிஞ்சுது. சும்மா வச்சேன்."

"தெரியும். சமக்குறியைப் படிக்க முடியலைன்னு ஒரு தடவை 'முட்டை'ன்னு வச்சீங்க. ரெண்டு கோடு! அதை யாருக்காவது படிக்கத் தெரியாதா?" அவர் முதல் தடவையாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, இனிமேல் அவர் எழுதப் போவதில்லை, புரியாத இடம் என்று ஒன்று வரப் போவதில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. குடுவையில் தண்ணீர் தீர்ந்து உறிஞ்சுகுழல் கரகரத்தது.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றாள் கிரிசெல்தா. "கேக்கல. சொல்றேன். பத்தேகால் பஸ்."

"எட்டு கொண்டு வாங்க" என்றார்.

நாலரை மணிப் பேருந்துக்கு சுல்மா அவரைக் கையைப் பிடித்துச் சாலைவரை கூட்டி வந்தாள். வழியெல்லாம் "என்னை மன்னிச்சுடுங்கம்மா, இனிமே குறியையும் வாசிக்கிறேன், சாமி சத்தியமா" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். கிரிசெல்தா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பேருந்து கிளம்பியது. அன்செல்மோ கையை உயர்த்தி, கடல் பக்கமாக ஆட்டினார். அந்தப் பக்கம் பலகை அடித்த ஹோட்டலும் ஒரு நாயும்தான் இருந்தன. சுல்மா தோளைப் பிடித்துத் திருப்புவதற்குள் பேருந்து வளைவுக்கு வந்துவிட்டது. அவர் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே கிரிசெல்தா கண்ணாடிக்கு உள்ளேயிருந்து கையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். எதிர் இருக்கைக்காரர் யாருக்கு ஆட்டுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு புள்ளி மூன்றைத் திறந்தாள். அடைப்பையும் கட்டளையையும் உள்ளே இருந்த வார்த்தைகளையும் அழித்தாள். சமன்பாடு ஒரே வரியில் அடங்கியது. இயந்திரம் ஓர் எச்சரிக்கையும் சொல்லவில்லை. ஏதோ விட்டுப்போனதாக அந்த வரியைப் பார்த்தால் யாருக்கும் தோன்றாது.

லான்சா வந்து பக்கங்களைப் புரட்டினார்.

"ஒன்னு பாக்கின்னீங்களே, என்ன ஆச்சு?"

"அங்க ஒன்னும் வர வேண்டாமாம் டாக்டர்."

"ஒன்னும் வர வேண்டாமா! இதுக்கா ஒரு நாள் லீவு போட்டுட்டு பிரியாபொலிஸ் வரைக்கும் போனீங்க?"

"ஆமா டாக்டர்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, அச்சுப்பொறியில் தாள் தீர்ந்துவிட்டது என்றார். கிரிசெல்தா எழுந்து போய்த் தாள் வைத்தாள். வரும்போது, சந்தை மூடுவதற்குள் கீரை வாங்க வேண்டும் என்று கையில் எழுதிக்கொண்டாள்.